எந்த ஆர்டரை விடுவது, எதை வைத்துக்கொள்வது? காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

தச்சன்மகன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். ஒரு ஸ்டூடியோவில் உதவியாளாக இருந்து தொழில் பழகி, இப்போது தனியாகச் செய்கிறேன். மூன்றாவது வருடம் ஓடுகிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா, ஜவுளிக்கடைக்குச் சேலைப் படம் என்று யார் கூப்பிட்டாலும் போகிறேன். வேலைக்குக் குறைவில்லை. கேமரா இஎம்ஐ ஒரு மாதமும் நிற்கவில்லை.

ஆனால் மனசு போகிற இடம் வேறு. அப்பா தச்சு வேலை செய்கிறவர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கம் பழைய நகரத்தார் வீடுகளில் நிலை, கதவு, உத்தரம் பழுது பார்க்கப் போவார். அதனால் முகப்பும், நடு முற்றத்தைச் சுற்றிய வளவும் எனக்குப் பழகிய இடங்கள். பர்மாத் தேக்குத் தூணில் காலை வெயில் எங்கே முதலில் தொடும், ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பு எந்த நேரத்தில் சுவரில் ஏறும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே தெரியும். வேலை இல்லாத நாட்களில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு மதுரை ஆர்க்கிடெக்ட் ஒருவர் தான் கட்டிய வீட்டை எடுத்துத் தரச் சொன்னார். ஒரு காதுகுத்துக்கு வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் அந்த வேலையைச் செய்த மாதிரி வேறு எதையும் நான் ரசித்துச் செய்ததில்லை. இதுதான் என் தொழில் என்று அப்போதே தோன்றிவிட்டது.

இப்போது மூன்று விஷயங்கள் சேர்ந்தாற்போல் வந்து நிற்கின்றன.

திருச்சியில் ஒரு பெரிய ஸ்டூடியோ கூப்பிடுகிறது. எல்லா முகூர்த்தத்துக்கும் ட்ரெடிஷனல், அதாவது சடங்குகளை வரிசையாகப் படம் எடுக்க எங்களிடமே வந்துவிடு, நாளுக்கு 5,000 ரூபாய், தனியாக ஆர்டர் எடுக்கக் கூடாது என்கிறார்கள்.

பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறவர்கள், முழு வீட்டையும் எடுத்துக் கொடு, பணம் தர முடியாது, குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கிக்கொள், இன்ஸ்டாகிராமில் உன் பெயரைப் போடுகிறோம் என்கிறார்கள்.

மூன்றாவது, வீட்டிலேயே. சொந்தக்காரர்கள் விசேஷம் எல்லாவற்றுக்கும் நான்தான் என்று ஆகிவிட்டது. பெட்ரோல் காசுகூட வருவதில்லை. போகவில்லை என்றால் அம்மாவுக்கு முகம் வாடிவிடுகிறது. வருகிற லட்சுமியை வேண்டாம் என்று சொல்லாதே என்பது அவர் பேச்சு.

வீடுகள் மட்டும்தான் எடுப்பேன் என்று இன்றைக்கே சொன்னால் சாப்பாட்டுக்கு வழி இல்லை. சொல்லாமலே போனால் பத்து வருடம் கழித்தும் மண்டபத்தில்தான் நிற்பேன் என்று பயமாக இருக்கிறது. எதை விடலாம், எதை விடக் கூடாது? இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

மணப்பாறை ஸ்டூடியோ:

தம்பி, நான் ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து கடை வைத்திருக்கிறேன். சின்ன ஊரில் இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹால் டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த பெண், சில வருடம் கழித்துத் தன் கல்யாணத்துக்குக் கூப்பிடும். அந்த வீட்டில் அப்புறம் வளைகாப்பு, பிறகு குழந்தைக்குக் காதுகுத்து. வீட்டுப் பெரியவர் போய்விட்டால் மாலை போட ஃபிரேம் படத்துக்கும் நம்மிடம்தான் வருவார்கள். இது ஒன்றோடு ஒன்று கோத்த வேலை. நடுவில் ஒன்றை மாட்டேன் என்றால் அடுத்ததும் போய்விடும். சென்னையில் இதை மட்டும்தான் எடுப்பேன் என்று ஒருவர் உட்கார்ந்தால் தேடி வர அத்தனை ஜனம் இருக்கிறது. நம் பக்கம் அப்படிச் சொன்னால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்பும் இல்லை.

ஆனாலும் திருச்சிக்காரருக்குத் தலையாட்டாதே. தை, சித்திரை, வைகாசி, ஆவணி என்று நல்ல முகூர்த்தம் விழுகிற மாதங்கள் எத்தனை? அதில் ஞாயிற்றுக்கிழமையும் வளர்பிறையும் சேர்ந்து வருகிற தேதிகள் எத்தனை? அவ்வளவையும் தினக்கூலிக்கு ஒரே ஆளிடம் எழுதிக் கொடுத்துவிட்டால், ஆல்பத்தில் உன் பெயர் இருக்காது, கல்யாண வீட்டாருக்கு உன் முகம் தெரியாது. உன் ஊர்க்காரன் கூப்பிடும்போதெல்லாம் நீ ஊரில் இருக்க மாட்டாய். நான்கு தடவை கூப்பிட்டு வராதவனை ஐந்தாவது தடவை யாரும் கூப்பிடுவதில்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ முகூர்த்தம் வருகிறேன், எந்தத் தேதி என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம் என்று சொல். ஒத்துக்கொண்டால் சரி. ஒத்துக்கொள்ளாவிட்டால் திருச்சியில் வேறு ஸ்டூடியோ இல்லாமலா போய்விட்டது?

சொந்தக்காரர் விஷயத்துக்கு நான் வைத்திருக்கும் வழி இது. அழைப்பிதழ் கொடுக்க வரும்போதே கேட்டுவிடுவேன்: நான் கேமராவோடு வரவா, மொய்க் கவரோடு வரவா? இரண்டும் கிடையாது. கேமராவோடு வந்தால் அதுதான் மொய். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பாதிப் பேர் கவரோடு வா, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போ என்றுதான் சொல்வார்கள்.

வடக்குவாசல், மதுரை:

தச்சன்மகன், இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன். நான் கட்டடங்களும் உள் அலங்காரமும் மட்டும் எடுக்கிறேன். ஆரம்பத்தில் நானும் கல்யாணம் எடுத்தவன்தான். மணப்பாறை அண்ணன் சொன்ன தேதிக் கணக்கை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நம் கடையில் இருக்கிற சரக்கு தேதிதான், ஒரே தேதியை இரண்டு பேருக்கு விற்க முடியாது. அதனால் எந்த வகை வேலையை விடுவது என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, எந்தத் தேதிகளை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று காலண்டரில் முதலில் குறியுங்கள்.

ஆடியையும் மார்கழியையும் குறியுங்கள். இந்த இரண்டு மாதமும் இந்து வீட்டுக் கல்யாணம் கிடையாது. மண்டபம் பூட்டிக் கிடக்கும். நம் ஆட்கள் லென்ஸ் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டுக் கடன் வாங்கிக் காலம் தள்ளுகிற மாதங்கள் இவை. வீடு எடுக்கிறவருக்கு இவை இரண்டும்தான் சீசன். காரணம் சூரியன்.

காரைக்குடி, நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 10 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை. ஒன்று ஏப்ரல் நடுவில், இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மாதங்களில் மத்தியானச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் காலையிலிருந்து மாலை வரை வெயில் கிடைப்பது அப்போது மட்டும்தான். ஆடி சரியாக அதற்குள் வருகிறது. மார்கழியில் நேர் எதிர். உச்சி வேளையில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து 57 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தெற்குப் பார்த்த முகப்பில் உள்ள சுதை உருவங்களுக்குக் கீழே நல்ல நிழல் விழுந்து கண்ணும் மூக்கும் எடுப்பாகத் தெரியும். அந்த மாதம் முழுவதும் வடக்கு முகப்பு நிழலில் செத்துக் கிடக்கும். என்ன லென்ஸ் போட்டாலும் உயிர் வராது. கிழக்கு, மேற்கு பார்த்த வீடுகள் எந்த மாதமும் கிடைக்கும், காலையா மாலையா என்பதுதான் கேள்வி.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தேர்ந்தெடுப்பது இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு ஆர்க்கிடெக்ட் டிசம்பரில் கூப்பிட்டு, வீடு வடக்குப் பார்த்தது, அடுத்த வாரம் எடுத்துவிடலாமா என்று கேட்டால், உள்பக்கம் இப்போது எடுக்கிறேன், முகப்பை ஆடியில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். வந்த வேலையில் பாதியைத் தள்ளி வைப்பது முதல் தடவை பயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் சொல்கிற ஆளை அவர்கள் மறப்பதே இல்லை. வெயில் எந்தப் பக்கம் விழும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு வீட்டை வரைந்தவர் அவர். அதே கவலையோடு இன்னொருவர் வந்து நிற்கிறார் என்றால் அடுத்த வீட்டுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்.

அடுத்தது, விசேஷ ஆர்டர்களில் எதை வைத்துக்கொள்வது. உங்கள் ஊரில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு அது கிடையாது. பெரிய வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடு, ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் சிங்கப்பூரில். படமெடுக்க அனுமதி வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. அந்த வீடு முழுசாகத் திறப்பது சாந்திக் கல்யாணம் என்கிற அறுபதாம் கல்யாணத்துக்கும், முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும்தான். அன்றைக்கு எல்லாப் பங்காளிகளும் இருப்பார்கள். தரை கழுவியிருக்கும், தூண்களைத் துடைத்திருப்பார்கள், முகப்பிலிருந்து பின்கட்டு வரை எல்லாக் கதவும் ஒரே கோட்டில் திறந்திருக்கும். அந்த ஆர்டரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். கூலி குறைவாக இருந்தாலும் போங்கள். முதல் நாள் மாலையே போய், விருந்தாளிகள் வருவதற்கு முன் வீட்டை மட்டும் ஒரு மணி நேரம் எடுக்க விடுங்கள் என்று பெரியவரிடம் கேளுங்கள். அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள், அந்த நிலைக்கதவைப் பழுது பார்த்தவரே அவராக இருக்கலாம். ஆல்பத்தின் முதல் சில ஷீட்டில் வீட்டை வையுங்கள். வெளியூருக்குப் பறந்துபோகிற ஆல்பங்களில் அந்த ஷீட்தான் கைமாறிக் கைமாறிப் பார்க்கப்படும். மற்ற பங்காளிகள் உங்கள் நம்பரைக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

மண்டபத்தில் நடக்கிற விசேஷங்களை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். வீட்டில் நடக்கிற விசேஷங்களை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து உங்கள் இடத்துக்கு இதைவிட நல்ல பிரிவினை இல்லை.

எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் 2,000 படம் கொடுத்துப் பழகிய கை வீட்டுக்குள் போனாலும் அதே மாதிரி சுட ஆரம்பிக்கும். ஒரு முழு நாளில் 12 அல்லது 15 படம் கொடுத்தால் ஆர்க்கிடெக்டுக்குப் போதும். வளவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் திறந்த வானம், சுற்றிலும் இருட்டு அறைகள். வானத்துக்கு வெளிச்ச அளவு வைத்தால் தூண்கள் கறுப்பாகிவிடும், தூணுக்கு வைத்தால் முற்றம் வெளுத்துவிடும். நான்கைந்து வெளிச்ச அளவில் (எக்ஸ்போஷரில்) எடுத்துச் சேர்க்கலாம்தான். ஆனால் முற்றத்துக்குள் நேர் வெயில் இறங்குவதற்கு முன், வானத்தின் வெளிச்சம் மட்டும் உள்ளே விழுகிற காலை நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது வளவும் பட்டாலை என்கிற கூடமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். தரைக்கல்லில் தூண்கள் தலைகீழாகத் தெரியும். அந்த நேரம் சீக்கிரம் போய்விடும். அதற்குள் ஒரு கோணம், மிஞ்சிப்போனால் இரண்டு. எந்தக் கோணம் என்று முதல் நாளே நடந்து பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் அன்றைக்கு எடுக்கக் கூடாது. நான் மற்றவர்கள் வேலையைப் பார்க்கும்போது முதலில் கவனிப்பது இதைத்தான், எதை எடுக்காமல் விட்டிருக்கிறார் என்று.

சுவர்கள் சாயாமல் எடுக்க உதவுகிற டில்ட் ஷிஃப்ட் லென்ஸுக்கு இப்போது இன்னொரு இஎம்ஐ போட வேண்டாம். கேமராவை மட்டமாக வைத்து 24 மி.மீ.யில் எடுத்து, கீழே மிஞ்சுகிற தரையை வெட்டினால் சுவர்கள் நேராகவே நிற்கும். ரெசல்யூஷன் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். பெரிய வேலை வந்தால் வாடகைக்கு எடுங்கள், அதை மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

உரிமை விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். நம் நாட்டின் 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 17-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஃபோட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். கல்யாண வேலையில் இது பெரிதாகத் தெரியாது. வீட்டு வேலையில் வருமானமே இதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டின் படத்தை ஆர்க்கிடெக்ட் மட்டுமா கேட்பார்? கட்டிய கான்டிராக்டர், மரவேலை செய்தவர், விளக்கு போட்டவர், தரைக்கல் கொடுத்தவர் எல்லோருக்கும் அதே படம் வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆர்க்கிடெக்ட் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார், அது அவருடைய உரிமை. ஆகவே முதல் வேலையிலிருந்தே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: படங்களின் காப்புரிமை அவற்றை எடுத்தவருக்கு, ஆர்க்கிடெக்ட் தன் இணையதளத்துக்கும் விருது விண்ணப்பத்துக்கும் பத்திரிகைக்கும் பயன்படுத்தலாம், மற்றவர்கள் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரின் வேலையை, பிடித்த வீடாக இருந்தாலும், கூடுதல் தொகை பேசாமல் எடுக்காதீர்கள்.

ஹோட்டலுக்கு வருகிறேன். 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் சேர்ந்தன. உங்கள் பக்கத்து வீடுகளைத் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அப்படி வருகிறவர் அறையைப் பதிவு செய்வது படத்தைப் பார்த்துத்தான், அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் முழு வீட்டையும் கேட்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு நாள் தங்குவது உங்களுக்குக் கூலி ஆகாது. மாட்டேன் என்று ஒரே சொல்லில் முடிக்கவும் வேண்டாம். முழு வீட்டுக்குப் பதில் ஆறு படம், இன்ன தொகை, எந்தெந்த இடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பணம் கொடுக்கிற பழக்கம் உள்ளவர்களா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்ஸ்டாகிராமில் வீடுகளுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். அதில் ஒரு கல்யாணப் படம்கூட வேண்டாம்.

ஈரோடு பூந்தொட்டில்:

நான் பச்சைக் குழந்தைகளை மட்டும் எடுக்கிறேன். தம்பியின் கேள்வியில் சாப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள்.

குழந்தை வேலையில் தேதி நம் கையில் இல்லை. வெளிநாட்டு முறையில் பிறந்து இரண்டு வாரத்துக்குள் எடுக்க வேண்டும், அப்போதுதான் சுருண்டு தூங்கும். நம் வீடுகளில் அது நடக்காது. தீட்டுக் கழிய வேண்டும், கண் படும் என்று பாட்டி பயப்படுவார், தாய் உடம்பு தேற வேண்டும். அதனால் வீட்டார் சொல்கிற நாளில், அவர்கள் வீட்டுக்கே போய், பாட்டி மடியிலேயே வைத்து எடுக்கிறேன். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் முகூர்த்த வேலை ஒன்றையும் ஏற்க முடியவில்லை. அப்படியானால் வாடகைக்கு? ஜூன் மாதம் பள்ளிகளில் அடையாள அட்டைப் படம். அதில் என் பெயர் எங்கும் வராது, யாருக்கும் காட்டவும் மாட்டேன். ஆனால் என்னுடைய தேதிகளை அது தின்பதில்லை, பணம் மொத்தமாக வருகிறது. அந்த வேலையை நான் மதிக்கிறேன். அது இருப்பதால்தான் பிடிக்காத வேலைக்கு என்னால் முடியாது என்று சொல்ல முடிகிறது.

தம்பிக்கு அப்படி ஒரு வேலை ஏற்கெனவே கையில் இருக்கிறது, கேள்வியிலேயே எழுதியிருக்கிறார். ஜவுளிக்கடைச் சேலைப் படம். வீட்டை எடுக்க வெயில் சரியில்லாத மத்தியான நேரத்தில், உள்ளே விளக்கு வைத்து, எந்தக் கிழமையிலும் செய்யலாம். முகூர்த்தத்தோடும் மோதாது, ஆடியோடும் மோதாது. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னால் கடைக்காரருக்கே அவசரம் இருக்கும். ஒரு கடையை மூன்றாக்குங்கள். மண்டப வேலையைவிட அதை நம்பிக் குடும்பம் நடத்தலாம்.

அப்புறம், வேலையை மறுக்கும்போது இன்னொருவர் பெயரையும் நம்பரையும் சேர்த்தே கொடுங்கள். அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது, இவர் நன்றாக எடுப்பார், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்பேன். கூப்பிட்டவருக்கு மனக்குறை இல்லை, அந்த ஃபோட்டோகிராபருக்கு ஒரு ஆர்டர். குழந்தை ஆர்டர் வந்தால் அவர்கள் என்னிடம் அனுப்புகிறார்கள். கமிஷன் மட்டும் வாங்காதீர்கள், வாங்கினால் அந்த வேலை கெட்டதற்கும் நீங்கள் பொறுப்பாகிவிடுவீர்கள்.

அம்மாவிடம் பேசும்போது வேண்டாம் என்கிற வார்த்தையை எடுக்காதீர்கள். மாதக் கடைசியில் எந்த வேலையில் எவ்வளவு வந்தது, எத்தனை நாள் போனது என்று நோட்டில் எழுதி அவரிடம் கொடுங்கள். என் மாமியாரிடம் அப்படித்தான் பேசினேன். கணக்கு என்றால் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

தச்சன்மகன்:

எல்லோருக்கும் மனசார நன்றி. சாந்திக் கல்யாணத்தை இந்தக் கண்ணோடு நான் பார்த்ததே இல்லை. அப்பாவிடம் சொன்னேன். எந்தெந்த வீடு எந்தத் திசை பார்த்தது என்று அவரே ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருச்சிக்கு மாதம் இரண்டு முகூர்த்தம் மட்டும் என்று பேசியிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

ஹோட்டல்காரர்களிடம் அண்ணன் சொன்ன மாதிரி ஆறு படத்துக்குத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பணம் தர ஒத்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று நிபந்தனை. படத்தின் உரிமை முழுசாக அவர்களுக்கே வேண்டுமாம். பணம் சீசன் முடிந்த பிறகுதானாம். ஆறில் ஒன்று மேலிருந்து ட்ரோனில் எடுத்ததாக இருக்க வேண்டுமாம், ஓட்டுக்கூரைகளும் முற்றங்களும் சேர்ந்து தெரிய. இந்த வேலையை எடுக்கலாமா?

மணப்பாறை ஸ்டூடியோ:

சீசன் முடிந்து பணம் என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. அட்வான்ஸ் வாங்காமல் பையைத் திறக்காதே. கல்யாணமோ ஹோட்டலோ, இதில் வித்தியாசம் இல்லை.

வடக்குவாசல், மதுரை:

எடுக்கலாம், மூன்றையும் பேசித் திருத்திவிட்டு.

முழு உரிமைக்குப் பதில், அவர்களுடைய இணையதளம், அறைப் பதிவுத் தளங்கள், சமூக ஊடகம், அச்சு விளம்பரம் ஆகியவற்றில் மூன்று வருடம் பயன்படுத்தலாம் என்று எழுதுங்கள். அந்த மூன்று வருடம் வேறு எந்த ஹோட்டலுக்கும் அந்தப் படங்களைக் கொடுக்க மாட்டேன் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அவர்கள் பயம் அதுதான். அது தீர்ந்தால் முழு உரிமை கேட்பதை விட்டுவிடுவார்கள். உங்கள் வேலையைக் காட்ட நீங்கள் பயன்படுத்தலாம் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

பணத்தில் பாதி தேதி உறுதியாகும்போது, மீதி படம் கொடுக்கும்போது. அதற்கு முன் உத்யம் என்கிற மத்திய அரசின் சிறு தொழில் பதிவைச் செய்துவிடுங்கள், இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். பதிவு பெற்ற சிறு தொழில்காரருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது என்று 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்கிறது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அவர்கள் ஜிஎஸ்டி பில் கேட்டாலும் பதற வேண்டாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு கட்டாயம் இல்லை, சாதாரண பில் கொடுக்கலாம்.

ட்ரோன் வாங்காதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைக் கூலி வேலைக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் உள்ளவரை அரை நாளுக்குக் கூப்பிடுங்கள். கோணத்தை நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள், அவர் கூலியை மதிப்பீட்டில் தனி வரியாகப் போடுங்கள். அந்த வரியைப் பார்த்துவிட்டு ட்ரோன் படம் வேண்டாம் என்றால், அதற்குப் பதில் மொட்டைமாடியிலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கொடுத்துவிடலாம்.